இத்தெல் பிராசர் ஓடியதில்லை

என் தங்கை கைன்வென் கட்டிக்கொண்டவன் இத்தெல் பிராசர். எங்கள் கும்தாரென் பள்ளத்தாக்கிலிருந்து வேல்ஸ் நாட்டு ரக்பி அணிக்குப் போன ஒரே ஆள் அவன்தான். அப்படிச் சொன்னதும் கேட்பவர்கள் மனதில், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாய்ந்து ஓடும் ஒருவன் வந்து நிற்பான். இத்தெல் ஓடமாட்டான். அவன் வேலை ஸ்க்ரமில், முதல் வரிசையில். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளைப் பூட்டிக்கொண்டு, தலை நுழைத்து முட்டித் தள்ளும்போது எல்லாருடைய கனமும் வந்து இறங்குகிற இடம் அது. பந்து எங்கே போனது என்று பாதி நேரம் அவனுக்குத் தெரியாது. கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று கண்டுபிடிப்பான்.

ஊர் அணியில் நானும் அதே வரிசையில் அவன் பக்கத்தில் நின்றவன். கீழே நிலக்கரிக் குழியிலும் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை செய்தோம். எழுந்து உட்காரக்கூட உயரமில்லாத பொந்தில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு அவன் கரியைக் கொத்துவான். நான் அள்ளி வண்டியில் போடுவேன். சனிக்கிழமைகளில் பாதி ஷிஃப்ட் முடித்துக் கூண்டில் ஏறி மேலே வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போவோம். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கரி அப்படியே இருக்கும். வெளியூர் அணிக்காரர்கள் எங்களோடு தலை முட்டிவிட்டு எழுந்தால் அவர்கள் நெற்றியிலும் கறுப்பு ஒட்டியிருக்கும்.

ஒருமுறை ஆட்டம் முடிந்து சேற்றில் உட்கார்ந்திருந்தபோது அவனைக் கேட்டேன்.

"மாப்ள, வாரம் பூரா குனிஞ்சே கெடக்குறோம். இங்க வந்தும் குனிஞ்சே நிக்கணுமா? உனக்கு முதுகு கேக்குமா கேக்காதா?"

"இங்க நிமிந்தா வானம் இருக்குல்ல மச்சான்" என்றான்.

அவன் பேச்சு அவ்வளவுதான். பெரிய உடம்பு, மெதுவான நடை, எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பிரசங்கம் பாதியைத் தாண்டும்போது அவன் தலை சாயும். கைன்வென் முழங்கையால் இடிப்பாள். பாட்டு வரும்போது மட்டும் முழித்துக்கொண்டு அடித்தொண்டையில் பாடுவான்.

அவனை வேல்ஸ் அணிக்கு எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் துணிக்கடைக்காரர் தியோபிலஸ் பியூ. அவர்தான் எங்கள் ரக்பி கிளப்பின் செயலாளர். கழுத்தில் அளவு நாடா தொங்க, கடையைத் திறந்துபோட்டுவிட்டு மேட்டுத்தெருவில் மூச்சிரைக்க ஏறி வந்தார். இத்தெல் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் உட்கார்ந்திருந்தான். கைன்வென் அவன் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அயர்லாந்துக்கு எதிரா ஆடப்போறப்பா! சிவப்புச் சட்டை! நம்ம ஊர்லேர்ந்து!" என்று பியூ கத்தினார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இத்தெல் தொட்டியிலிருந்தபடியே "நன்றிங்க ஐயா" என்றான். எழுந்து கைகுலுக்க முடியாத நிலை.

அவர் போன பிறகு கைன்வென் கேட்டாள்: "சனிக்கிழமை ஆட்டம்னா வெள்ளிக்கிழமை நீ வேலைக்குப் போக வேண்டாம்ல?"

"ஏன், கரி லீவு விட்டுருச்சா?"

வெள்ளிக்கிழமையும் போனான். மறுநாள் காலை ரயிலில் சுவான்சீ வரை என் தோளில் சாய்ந்து தூங்கினான். அன்றைக்கு மழை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் ஸ்க்ரமிலிருந்து எழும்பிய ஆவியைத்தான். எங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள். இரவு விருந்தில் வக்கீல்கள், டாக்டர்கள், பேராசிரியர் ஒருவர், நடுவில் இத்தெல். சூப்பு வருவதற்குள் தூங்கிவிட்டானாம். அயர்லாந்துக்காரன் ஒருவன் அவன் தலைக்குக் கீழே நாப்கினை மடித்து வைத்தான் என்று பேப்பரில் வேடிக்கையாகப் போட்டார்கள். திங்கட்கிழமை குழிக்குள் மேற்பார்வையாளர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "என்ன பிராசர், தலகாணி கொண்டு வரட்டுமா?"

நாட்டுக்கு ஆடியவர்களுக்கெல்லாம் கொடுக்கிற வெல்வெட் தொப்பியை வேல்ஸ் அணி அவனுக்கும் கொடுத்தது, வெள்ளிக் குஞ்சம் வைத்தது. கைன்வென் அதை அவன் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு எங்க போவ? குழிக்கா, கக்கூசுக்கா?" என்றாள். இருவரும் சிரித்ததில் குழந்தை லவ்ரி விழித்துக்கொண்டாள். சிவப்புச் சட்டையை அவள் நன்றாகத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தாள். கனமான கம்பளிச் சட்டை அது.

அதற்குப் பிறகும் இரண்டு சர்வதேச ஆட்டங்கள் ஆடினான். பிரான்ஸை எதிர்த்து ஒன்று, ஸ்காட்லாந்தை எதிர்த்து ஒன்று. பிறகு தோளைப் பழையபடி தூக்க முடியவில்லை. அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பியூ துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து சொன்னபோது இத்தெல் "சரிங்க ஐயா" என்றான். அவர் தெருமுனை திரும்பியதும் "அப்பாடா" என்று காலை நீட்டினான். ஊர் அணியில் மட்டும் ஆடினான். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஜெர்மனியோடு போர் வந்த வருஷம் அவனுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. சுரங்கத்தில் வேலை செய்பவர்களை யாரும் போ என்று கட்டாயப்படுத்தவில்லை. கரி இல்லாமல் கப்பல் ஓடாது. ஆனால் ஆள் சேர்க்கும் கூட்டம் ஒன்று எங்கள் தொழிலாளர் மண்டபத்தில் நடக்கப்போகிறது என்றும், இத்தெல் மேடையில் வந்து நிற்க வேண்டும் என்றும் பியூ கேட்டார்.

"நீ எதுவும் பேச வேண்டாம்ப்பா. சிவப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நின்னா போதும். பசங்க உன்னப் பாக்கணும்."

கைன்வென் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "நின்னா போதும்னுதான் கூப்பிடுவாங்க. நின்னப்புறம் நடன்னு சொல்வாங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார் பியூ. அவர் மனதார அப்படித்தான் நம்பினார்.

இத்தெலுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அதிலும் பியூவிடம். கிளப்பையே தன் கடைபோல் பார்த்துக்கொண்ட மனிதர், காலணி இல்லாத பையன்களுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தவர். கூட்டத்தன்று சாயந்திரம் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் போய் நின்றான். சட்டை வயிற்றில் கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. கூட்டம் எழுந்து நின்று பாடியது. யாரோ ஒரு கர்னல் பேசினார். பெல்ஜியத்தைப் பற்றிச் சொன்னார், பிறகு ரக்பியும் போரும் ஒன்றுதான் என்றார். கடைசியில் "யார் முதலில்?" என்று கேட்டார்.

முதலில் எழுந்தவன் டெகிட் பியூ. துணிக்கடைக்காரரின் ஒரே மகன். எங்கள் அணியில் ஓடுகிறவன் அவன்தான். முயல் மாதிரி வளைந்து வளைந்து போவான். ஸ்க்ரமிலிருந்து நாங்கள் பிதுக்கிக் கொடுக்கும் பந்தை எடுத்துக்கொண்டு அவன் பறப்பதைப் பார்க்கத்தான் ஊரே மைதானத்துக்கு வந்தது. அவன் மேடையேறி இத்தெல் பக்கத்தில் நின்று, "நீ இருந்தா தைரியம்தான்" என்று அவன் தோளில் தட்டினான்.

நான் பியூவைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. அவர் நடத்துகிற கூட்டம். அவர் எப்படி வேண்டாம் என்பார்? டெகிட்டுக்குப் பின்னால் அணியில் பாதிப்பேர் வரிசையில் நின்றார்கள்.

இத்தெல் வீட்டுக்கு வந்து தொட்டியில் உட்கார்ந்தான். தண்ணீர் ஆறிப்போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"நான் பேசவே இல்ல கைன்வென். சும்மா நின்னேன். அதுக்கே இத்தன பேர்" என்றான்.

"அதுக்கு?"

"என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறானுங்க. நான் இங்க உக்காந்து ரொட்டி திங்கவா?"

அவள் கையிலிருந்த துண்டைத் தொட்டிக்குள் வீசிவிட்டு மாடிக்குப் போனாள். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவனுக்குக் காலுறை பின்ன ஆரம்பித்தாள்.

அவனோடு நானும் பட்டாளத்தில் சேர்ந்தேன். எனக்கு தேசபக்தி ஒன்றும் பொங்கவில்லை. குழியிலிருந்து கொஞ்ச நாள் வெளியே இருக்கலாம், காற்று வாங்கலாம் என்று நினைத்தேன். பிரான்ஸ் போய் இறங்கியதும், சுரங்கம் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். எங்களைத் தனியாகப் பிரித்து, ஜெர்மன்காரர்களின் பதுங்குகுழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைக்கும் வேலையில் போட்டார்கள். வேல்ஸில் கரியைத் தோண்டினோம், இங்கே களிமண். மற்றபடி அதே படுக்கை, அதே இருட்டு. ஒன்று மட்டும் புதிது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காதை வைத்தால் கேட்கும்.

"மச்சான், கடல் தாண்டி வந்து அதே வேலையா? பியூ ஐயாகிட்ட சொல்லிச் சட்டைய மாத்தி வாங்கணும்" என்றான் இத்தெல். அவன் அங்கே அடித்த ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

டெகிட்டும் எங்களோடு இருந்தான். அவனுக்குச் சுரங்க வேலை தெரியாது. மண் மூட்டைகளை இழுத்து வெளியே கொண்டுபோவான். குறுகலான இடத்தில் அவனுக்கு மூச்சு முட்டும். நாங்கள் பார்க்காதபோது அழுவான். இத்தெல் அவனைத் தனக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டான். "என் பூட்ஸைப் பாத்துக்கிட்டே வா. வேற எதையும் பாக்காத" என்பான்.

இரண்டாம் குளிர்காலத்தில் எதிரிகள் எங்கள் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வெடி வைத்தார்கள். மண் இடிந்தது கொஞ்சம்தான், விஷவாயு கசிந்ததுதான் மோசம். டெகிட் மூட்டைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். இத்தெல் அவனை இழுத்து வந்து வெளியே சேற்றில் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் மூச்சு இருந்தது. பிறகு இல்லை. இத்தெல் தன் குடிதண்ணீரை ஊற்றி அந்த முகத்தைக் கழுவினான். அன்றிலிருந்து அவன் தூக்கம் போய்விட்டது. உட்கார்ந்தாலே தூங்குகிறவன், படுத்தாலும் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான்.

வசந்த காலத்தில் எங்கள் கேப்டனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், பிராசர் வேல்ஸ் அணிக்கு ஆடியவன் என்று. இரண்டு டிவிஷன்களுக்கு இடையே ரக்பி போட்டி, ஜெனரல் பார்க்க வருகிறார், பந்தயம் வேறு கட்டியிருக்கிறார்கள். கேப்டன் துள்ளிக்கொண்டு வந்தார். இத்தெல் அப்போதுதான் வேலை முடிந்து வெளியே வந்திருந்தான். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"முடியாதுன்னு சொல்லு மாப்ள. உன் தோளு இருக்குற இருப்புக்கு..." என்று காதில் சொன்னேன்.

அவன் கேப்டனைப் பார்த்து, "ஆடுறேன் சார். ஆனா எங்க ஆளுங்க எல்லாருக்கும் வெந்நீர்க் குளியலும், ஒரு வாரம் ஓய்வும் வேணும் சார்" என்றான். வாழ்நாளில் அவன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேப்டன் ஒத்துக்கொண்டார். சொன்னபடி செய்யவும் செய்தார். ஒரு பழைய சாராய ஆலையில் பெரிய மரத்தொட்டிகளில் வெந்நீர் நிரப்பிக் கொடுத்தார்கள். நாங்கள் கத்தினோம், பாடினோம், ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தோம். இத்தெல் தொட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "கைன்வென் தேய்ச்சா இன்னும் அழுத்தித் தேய்ப்பா" என்றான்.

ஆட்டம் ஒரு பீட்ரூட் வயலில் நடந்தது. ஜெனரல் குதிரையில் உட்கார்ந்தே பார்த்தார். எதிர் அணியின் முதல் வரிசையில் இருந்தவன் யார்க்‌ஷயர்க்காரன், கழுத்தே இல்லாத ஆள். ஒவ்வொரு ஸ்க்ரமிலும் இத்தெலைத் தூக்கித் தூக்கிப் போட்டான். கடைசியில் இத்தெல் விழுந்து எழாமல் கிடந்தபோது அவனே கை கொடுத்துத் தூக்கினான்.

"என்ன பெருசு, நீ மூணு தடவ நாட்டுக்கு ஆடினவன்னாங்க?"

"அது வேற தோளுப்பா" என்றான் இத்தெல்.

தோற்றோம். கேப்டன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சூடான மாட்டுக்கறியும் பியரும் கிடைத்தன. இத்தெல் நன்றாகச் சாப்பிட்டான். மாலையில் எங்கள் கொட்டகைக்குத் திரும்பி நடந்தோம். அது போர்முனைக்குப் பின்னால் தள்ளியிருந்த ஊர்; அங்கே குண்டு விழுவது அபூர்வம். சாலைச் சந்திப்பில் பாதி இடிந்த ஒரு வேலிச்சுவர் இருந்தது. அதில் போய் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன் மச்சான். கால் வரல."

அவன் புகைக்குழாயில் புகையிலையை நிரப்பிக்கொண்டிருந்தான். தீப்பெட்டி இல்லை. எதிரே நின்ற கோவேறு கழுதை வண்டிக்காரனிடம் வாங்கிவர நான் சாலையைக் கடந்தேன். தூரத்துப் பீரங்கியிலிருந்து வந்த குண்டு ஒன்று, அந்த மாலை அந்த ஊருக்கு வந்த ஒரே குண்டு, சந்திப்பில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது சுவர் இல்லை.

பேப்பரில் வேறு மாதிரி வந்தது. வேல்ஸின் வீரப் புதல்வன், மைதானத்தில் முன்னேறியதைப் போலவே போர்க்களத்திலும் தன் ஆட்களுக்கு முன்னால் பாய்ந்தோடி, எதிரியின் துப்பாக்கிகளுக்கு மார்பைக் கொடுத்தான் என்று எழுதியிருந்தார்கள். யார் சொல்லி எழுதினார்களோ தெரியாது. அடுத்த விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோது கைன்வென் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இப்போது நாலு வீட்டுத் துணியும் அவளுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் போட்டிருந்தது அந்தச் சிவப்புச் சட்டை. கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். மார்பில் இருந்த வேல்ஸ் அணியின் மூன்று இறகுச் சின்னம் சோப்பு நுரையில் நனைந்திருந்தது.

"குளுருக்கு இதுதான் நல்லாயிருக்கு. உக்காருண்ணே" என்றாள்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"சாப்டிருந்தாரா?"

"நல்லா. சூடா."

"ஆட்டத்துல ஜெயிச்சீங்களா?"

"இல்ல. யார்க்‌ஷயர்க்காரன் பிதுக்கி எடுத்துட்டான்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து அவள் கையிலிருந்த போர்வையை வாங்கிப் பிழிந்தேன்.

போர் முடிந்து நான் திரும்பிய பிறகு பியூ வந்தார். கிளப் வாசலில் கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம். செத்துப்போன அணி ஆட்களின் பெயர்கள், மேலே இத்தெல் பெயர். அந்தச் சட்டையும் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் மாட்டலாம் என்றார். கேட்டுக்கொண்டே இருந்தவர், அவள் உடம்பில் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். சட்டையின் முழங்கை இரண்டும் தேய்ந்து சாம்பல் நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

"தர்றதுக்கில்லீங்க ஐயா. எனக்கு வேண்டியிருக்கு" என்றாள்.

"சரிம்மா, சரிம்மா" என்றார். பிறகு கல்வெட்டில் பொறிக்கவேண்டிய வாசகத்தைப் படித்துக் காட்டினார். பேப்பரில் வந்த அதே வாசகம். முன்னால் பாய்ந்தோடி.

"ஓடினாருன்னு போடாதீங்க. ஆடும்போதே அவரு ஓடினதில்ல. ஊருக்கே தெரியும். ரோட்டோரமா உக்காந்திருந்தாரு. அசதி. அவ்வளவுதான். உங்க மேடையில ஏத்தின நாள்லேர்ந்து அந்த மனுஷனுக்கு அசதி" என்றாள்.

பியூ தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். ரொம்ப இளைத்துப்போயிருந்தார். துணி வெட்டுகிற மனிதருக்குத் தன் சட்டையே பொருந்தவில்லை.

"அது தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா கீழ டெகிட் பேரும் வருது. அவன் மண் மூட்டை இழுத்தப்ப செத்தான்னு எழுதினா அவங்க அம்மா தாங்கமாட்டா. ரெண்டு பேரும் சேந்து முன்னால போனாங்கன்னு இருந்தா..." என்று இழுத்து, என் பக்கம் திரும்பினார். "நீ கூட இருந்தியே எபன். எம்பையன் ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"இத்தெல் மடியில படுத்திருந்தான். தனியா இல்லீங்க ஐயா" என்றேன். அது உண்மை.

அவர் தலையாட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். கைன்வென் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அவள் முகத்திலிருந்து வடிந்து, வெறும் களைப்பு மட்டும் மிஞ்சியது. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

"போட்டுக்கோங்க ஐயா. ஓடினாருன்னே போட்டுக்கோங்க. ரெண்டு பேரும் சேந்தே ஓடட்டும்" என்றாள்.

அவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி துணிக்குப் போனாள்.

கல்வெட்டைத் திறந்த அன்று நல்ல மழை. ஊரே குடையோடு நின்றது. சேப்பல் போதகர் ஜெபித்தார், பாடகர் குழு பாடியது. பியூவின் மனைவி டெகிட் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கைன்வென் அவருக்குக் குடை பிடித்தபடி நின்றாள். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த லவ்ரி, வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மாமா, அப்பா வேகமா ஓடுவாரா?"

"அம்மாவக் கேளு" என்றேன். அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கைன்வென் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இனிமே யாரும் வந்து எதுவும் கேக்கமாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

அவள் காலை நீட்டினாள். நான் அடுப்பில் கரி அள்ளிப் போட்டுவிட்டு, மறுநாள் காலை ஷிஃப்டுக்கு என் பூட்ஸை உலர வைத்தேன்.